பொதியாகிப் போன வீணை

1947 டிசம்பர் 10ஆம் தேதி இரத்மலானையிலிருந்து ஒரு டகோட்டா விமானம் கிளம்பியது. காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து கடல் தாண்டிச் சென்னைக்குப் போனது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பறப்பு அது. விமானத்தின் பெயர் ‘சீதாதேவி’. இலங்கையிலிருந்து சீதை விமானமேறி அக்கரைக்குப் போவது இராமாயணம் கேட்டவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அதே கதையில் விமானத்தையும் வீணையையும் சேர்த்து வைத்திருந்தவன் இராவணன்; அவன் கொடியிலும் வீணைதான் என்பது தமிழ் வழக்கு. அந்த வீணையைப் புஷ்பகத்தில் எங்கே வைத்துக் கொண்டுபோனான் என்பதை மட்டும் எந்தப் புராணிகராவது விளக்கியிருந்தால், பிற்காலத்துக் கொழும்பு வித்துவான்களுக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

விமானத்துக்கு முன்னர் வாத்தியங்கள் கொழும்புக்குள் நுழைந்தது கொட்டாஞ்சேனைப் பக்கமாக. துறைமுகத்தை ஒட்டிக் கொச்சிக்கடையும் செட்டியார் தெருவும், சற்று வடக்கே கொட்டாஞ்சேனையும். தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் நீராவிக் கப்பல் ஓர் இரவுப் பயணத்தில் இங்கே வந்து நிற்கும். 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றதும் இந்தத் தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான். அரிசி, மிளகாய், துணி, ஆட்கள் என்று வந்த கப்பல்களில் மேளகாரரும் வந்தார்கள். செட்டியார் தெருவில் நகரத்தார் கட்டிய கதிரேசன் கோயில்களுக்கு ஆடிவேல் விழா வந்தால் ஊர்கூடி நிற்கும் நாதஸ்வரக் கச்சேரி வேண்டும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை 1907க்கும் 1912க்கும் இடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார். கோயில் பெருத்தால் மேளமும் பெருக்கத்தானே வேண்டும்?

பயணத்துக்கென்றே பிறந்த வாத்தியம் ஒன்று உண்டென்றால் அது நாதஸ்வரம். குழலாகிய உலவு தனி, கீழே விரியும் அணசு தனி. இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றினால் ஒரு பைக்குள் அடக்கம். வாயில் வைத்து ஊதும் சீவாளியைத்தான் கண்ணாகக் காக்க வேண்டும். அது எப்போதும் வித்துவானின் மடியிலோ கைப்பெட்டியிலோ இருக்கும். டி.என்.ராஜரத்தினம் பிள்ளை குட்டையான திமிரியை விட்டு நீளமான பாரி நாயனத்தை ஊரறியச் செய்தபோது வாத்தியம் சற்று வளர்ந்தது. ஆனாலும் கழற்றி மாட்டும் வசதி போகவில்லை. தவில் கனமானது, இருந்தாலும் உருட்டலுக்கும் மோதலுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும்.

வீணை வேறு ஜாதி. குடம், தண்டி, யாளிமுகம் எல்லாம் பலாமரம். தலையிலிருந்து குடத்தின் அடிவரை நாலு அடிக்கு மேல். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையானாலும், துண்டுகளைச் சேர்த்த ஒட்டு வீணையானாலும், தண்டியும் குடமும் சந்திக்கும் கழுத்துத்தான் அதன் உயிர்நிலை. கழற்றக்கூடியது மேலே தொங்கும் சுரைக்காய் ஒன்றே. இவற்றைவிட நுட்பமான சங்கதி, 24 மெட்டுகளும் ஆணியடித்து நிற்பவை அல்ல என்பது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்து உருக்கிய கறுப்பு மெழுகின்மேல் அவை உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நூலளவு நகர்ந்தாலும் சுரம் பிசகும். வெயிலில் மெழுகு இளகும். குளிரில் வறண்டு வெடிக்கும். மறுபடி மேளம் கட்டுவதற்கு எல்லாத் தச்சருக்கும் கை வராது. நல்ல வீணைகள் தஞ்சாவூரிலிருந்து வந்தன, மேளம் கட்டத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவர்களே.

1914இல் இந்த வீணைக்கு நல்ல காலம் பிறந்தது. பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. மார்ச்சில் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ஏறினால் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். நடுவில் கடல் இருபத்திரண்டு மைல்தான். சனங்கள் இதற்கு வைத்த பெயர் ‘போட் மெயில்’. வசதி எதிலென்றால், வாத்தியம் எந்த இடத்திலும் வித்துவானை விட்டுப் பிரியவில்லை. இரண்டாம் வகுப்புப் பெட்டியில் மேல் பலகையில் வீணையைப் படுக்க வைக்கலாம், கீழே ஆள் படுக்கலாம். தனுஷ்கோடியில் போர்ட்டர் தலையில் ஏறும்போது கூடவே நடக்கலாம், ‘மெல்ல, மெல்ல’ என்று கத்தலாம். கப்பலில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சுங்கத்தில் திறந்து காட்டச் சொன்னாலும் திறப்பதும் மூடுவதும் சொந்தக்காரரின் கை. பயணம் நீண்டது, அலுப்பானது, இரயில் கரி முகத்தில் படிந்தது. வாத்தியம் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் இக்கரையிலும் வீணை பெருகியது. 1931இல் வட இலங்கை சங்கீத சபை தோன்றி, தரம் தரமாகப் பரீட்சை வைக்கத் தொடங்கியது. வாய்ப்பாட்டோடு வீணை, வயலின், மிருதங்கம் எல்லாவற்றுக்கும் சான்றிதழ். பெண் பிள்ளைக்குப் பரீட்சைக்கு ஒரு வாத்தியம் வேண்டும் என்று வந்தபோது யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் வீணை குடியேறியது. அரச உத்தியோகம், வங்கி, வியாபாரம் என்று கொழும்புக்கு வந்த குடும்பங்கள் அதையும் கூடவே கொண்டுவந்தன. அவர்கள் தங்கிய இடம் வெள்ளவத்தை. இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், சைவ மங்கையர் கழகம், 1942இல் தொடங்கி இப்போது 57ஆம் ஒழுங்கையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம், பக்கத்து ஊரான பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம் என்று காலி வீதியை ஒட்டி ஒரு சங்கீதப் பிராந்தியமே உருவாகிவிட்டது. கோயில் மேளம் கொட்டாஞ்சேனைப் பக்கம், சபாக் கச்சேரி வெள்ளவத்தைப் பக்கம் என்று இன்றுவரை ஓரளவு பாகம் பிரிந்துதான் கிடக்கிறது.

அந்தக் காலி வீதியிலேயே தெற்கே சில மைல் போனால் இரத்மலானை. 1935 நவம்பரில் முதல் விமானம் அங்கே இறங்கியது. 1938இல் டாட்டாவின் தபால் விமானம் சென்னை வழியாக அங்கே வரத் தொடங்கியது. பத்தாண்டு கழித்துச் சீதாதேவி. வெள்ளவத்தைக்காரருக்கு விமானம் வீட்டு வாசலுக்கே வந்தது போலத்தான்.

டகோட்டாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் படைகளையும் சாமான்களையும் சுமந்த விமானம். யுத்தம் முடிந்ததும் உலகம் முழுக்க மலிவாகக் கிடைத்தது. தரையில் நிற்கும்போது மூக்கு மேலேயும் வால் தாழவும் இருக்கும். உள்ளே ஏறினால் மேடு ஏறுவது போல நடந்துதான் இருக்கைக்குப் போக வேண்டும். சரியாகக் கட்டாத சாமான் வாலை நோக்கி வழுக்கும். அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றும் வசதி இல்லாததால் அதிக உயரம் போகாது. சிறிய விமானங்களில் பயணியையும் பொதியையும் சேர்த்துத் தராசில் ஏற்றும் வழக்கம் இருந்தது. மெலிந்த வித்துவானும் கனத்த தவிலும் சேர்ந்து ஒரு கணக்கு.

1950கள், 60களில் யாழ்ப்பாணத்துத் தவில் அக்கரையில் பேர் வாங்கியது. வி.தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டின் முன்வரிசை நாதஸ்வரக் கலைஞர்களுக்கு வாசித்து, அங்கத்தைய தவில்காரர்களையே வாய்பிளக்க வைத்தார். மறுபக்கம், மகாராஜபுரம் சந்தானம் மருதனார்மடத்து இராமநாதன் சங்கீதக் கழகத்தின் அதிபராக இருந்து பாடஞ்சொன்னார். போவதும் வருவதுமாக இருந்த அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வர ஏர் சிலோன் இருந்தது, மலிவுக்குப் போட் மெயில் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி 1980களின் முற்பகுதிவரை ஓடிப் பின்னர் நின்றது. அதோடு, வாத்தியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடல் கடக்கும் வழி அடைபட்டது.

மிச்சமிருந்தது விமானம் ஒன்றே. அதற்குள் அதுவும் மாறிவிட்டது. பன்னாட்டுப் பறப்புகள் 1960களில் கட்டுநாயக்காவுக்குப் போயின. பெரிய ஜெட் வந்தது, பட்டி வந்தது. கவுண்டரில் வீணையைக் கொடுத்தால் அது இறப்பர்ப் பட்டியில் ஏறி ஒரு திரைக்குப் பின்னால் மறையும். அடுத்ததாக அதைக் காண்பது வேறொரு நாட்டில், வேறொரு பட்டியில். மாட்டுவண்டி முதல் போட் மெயில் வரை எந்த வாகனமும் செய்யாததை விமானம் செய்தது: வாத்தியத்தையும் வாசிப்பவரையும் பிரித்து, ஒருவரைப் பயணியாகவும் மற்றதைப் பொதியாகவும் ஆக்கியது. வேகத்துக்குக் கொடுத்த விலை இது. இதைச் சங்கீத உலகம் போதுமான அளவு பேசியதில்லை.

பொதி உடைந்தால் என்ன கிடைக்கும்? 1929இல் எழுதிய வார்சோ உடன்படிக்கை இதற்கு வைத்த விடை விசித்திரமானது. ஒப்படைத்த சாமானுக்கு எடைப்படி நட்டஈடு. கடைசிக் காலத்து மதிப்பில் கிலோவுக்கு இருபது அமெரிக்க டாலர் அளவில் வரும். பெட்டியோடு மூன்று கிலோ தேறும் வயலின் நொறுங்கினால் அறுபது டாலர். பத்துக் கிலோ மிருதங்கம் உடைந்தால் இருநூறு. கருங்கல் அம்மிக்கு இரண்டையும்விடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். 1999இன் மொன்றியல் உடன்படிக்கை இந்த எடைக் கணக்கை ஒழித்து, பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்தது. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகு, ஏறக்குறைய இரண்டாயிரம் டாலர். இதற்குமேல் பெறுமதி உள்ள பொருளானால் ஒப்படைக்கும்போதே பெறுமதியைச் சொல்லி, கேட்டால் மேலதிகக் கட்டணமும் செலுத்த வேண்டும். இந்த வசதி வார்சோவிலேயே இருந்தது. கவுண்டரில் அதைக் கேட்பவர்கள்தான் அருமை.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. அகதி முகாமுக்கும் அங்கிருந்து காங்கேசன்துறைக் கப்பலுக்கும் போனவர்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனார்கள். வீணை கைக்கு அகப்படும் பொருள் அல்ல. பின்னர் இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், சிட்னி என்று சிதறிய குடும்பங்கள் அங்கே காலூன்றியதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பிள்ளைகளைப் பாட்டுக்கும் பரதத்துக்கும் வாத்தியத்துக்கும் விட்டது. அரங்கேற்றம் என்றால் பக்கவாத்தியம் வேண்டும், பக்கவாத்தியக்காரர் பறக்க வேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களின் சூட்கேஸ்களுக்கு நடுவே மிருதங்கப் பைகளும் கிடந்த காலம் அது.

2006 ஆகஸ்டில் ஒரு வியாழனும் வெள்ளியும். 10ஆம் தேதி, திரவ வெடிகுண்டுச் சதி ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்த பிரிட்டன், தன் விமான நிலையங்களில் கைப்பொதியை ஏறக்குறைய முழுவதும் தடைசெய்தது. வயலின்கூட அடித்தட்டுக்குத்தான் போக வேண்டும் என்றானது. பெரிய இசைக்குழுக்கள் திண்டாடின. மறுநாள் 11ஆம் தேதி, முகமாலையில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ-9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போகவர இரத்மலானை–பலாலி விமானமும் கப்பலும்தான், இரண்டுக்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்து இலண்டன் போக நினைத்த ஒரு தவில்காரருக்கு, இரண்டே நாளில் பாதையின் இரு முனையும் இறுகிவிட்டன. பிரிட்டன் அடுத்த மாதமே வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தது. ஏ-9 திரும்பத் திறக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சோதனை மேசையில் மிருதங்கம் படும் பாடு தனிக்கதை. வெளியே மரம், இருபுறமும் தோல், உள்ளே வெறும் குகை. ஸ்கானரில் பார்ப்பவருக்கு எதையும் ஒளித்து வைக்கக்கூடிய பீப்பாயாகவே அது தெரியும். வாசித்துக் காட்டச் சொல்வதும் உண்டு. வலந்தலையைச் சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் கைப்பையில் வைத்துவிட்டால் அங்கேயே பறிபோகும். அவுஸ்திரேலியாவில் இறங்கினால் கேள்வி வேறு: இது எந்த மிருகத்தின் தோல், மயிர் ஒட்டியிருக்கிறதா, மரத்தில் பூச்சித் துளை உண்டா? அறிவிக்காமல் கொண்டுபோனால் தண்டம். பழைய வீணைக்கு இன்னொரு கண்டம் இருக்கிறது. தஞ்சாவூர் வீணைகளில் முன்பு யானைத் தந்த வேலைப்பாடு உண்டு. ஆசிய யானையின் தந்தம் எல்லை கடப்பதை 1970களிலேயே சர்வதேச உடன்படிக்கை கட்டுப்படுத்திவிட்டது. பாட்டியின் வீணையைப் பேத்திக்குக் கொண்டுபோவதற்கும் கடதாசி வேண்டும். அடிக்கடி எல்லை தாண்டும் கலைஞர்களுக்காக 2013இல் வாத்தியங்களுக்கென்றே மூன்று ஆண்டுச் சான்றிதழ் ஒன்று ஏற்பாடானது. அதே ஆண்டுதான் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மேல்நாட்டாரும் இதில் நிம்மதியாக இல்லை. 2008இல் டேவ் கரோல் என்ற கனடாப் பாடகரின் கிட்டார் விமானப் பயணத்தில் உடைந்தது. மாதக்கணக்கில் நடையாக நடந்தும் நட்டஈடு கிடைக்காமல், அந்த நிறுவனத்தைப் பேர் சொல்லியே ஒரு பாட்டுக் கட்டி 2009 ஜூலையில் இணையத்தில் விட்டார். கோடிக்கணக்கானோர் கேட்டுச் சிரித்தார்கள். 2012இல் அமெரிக்கச் சட்டம் மாறி, இடமிருந்தால் சிறு வாத்தியங்களைக் கைப்பொதியாக ஏற்க வேண்டும் என்றது. பெரிய வாத்தியத்துக்கு இருக்கை வாங்கி உட்கார வைக்கவும் வழிசெய்தது. செலோக்காரர்கள் வெகுகாலமாகச் செய்வது அது. லின் ஹாரல் என்ற புகழ்பெற்ற செலோ கலைஞர் விமான நிறுவனத்தின் சலுகைத் திட்டத்தில் தன் செலோவின் பெயரிலும் பறந்த மைல்களைச் சேர்த்து வந்தார். 2012இல் விமான நிறுவனம் இருவரையும் அந்தத் திட்டத்திலிருந்து நீக்கியது. நம்மவர் பக்கம் 2014இல், இலண்டனிலிருந்து தில்லி திரும்பிய அம்ஜத் அலி கானின் நாற்பத்தைந்து வருடச் சரோட் பட்டியில் வரவில்லை. செய்தி உலகம் முழுக்கப் பரவியபின் சில நாளில் கிடைத்தது. அம்ஜத் அலி கான் அல்லாதவர்களின் வாத்தியத்துக்குச் செய்தி பரவாது.

சட்டம் மாறக் காத்திராமல் வாத்தியங்கள் தாங்களே மாறிக்கொண்டன. வீணையின் தந்தியை முறுக்கும் பிரடைகள் இருந்த இடத்தில் கிட்டார்ச் சாவிகள் ஏறின. தண்டியைக் கழற்றி இரண்டாக மடக்கும் ‘டிராவல் வீணை’ வந்தது. தவிலின் தோல் வாருக்குப் பதில் உருக்குப் பட்டையும் நட்டு போல்ட்டும் வந்தன. கிளம்பும் முன் தளர்த்தி, இறங்கியபின் முடுக்கிக்கொள்ளலாம். முழுசாகவே பயணத்துக்குப் பலியானது தம்புரா. 1970களின் இறுதியில் பெங்களூரில் ஜி.ராஜ்நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.இல் வேலைபார்த்த பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். அந்தப் பெட்டியும் சுருங்கி இன்று கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. வெள்ளவத்தை மேடைகளில் நிமிர்ந்து நிற்கும் தம்புராவைக் காண்பது இப்போது அரிது. சுருதி சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு தந்தியை மீட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பாட்டைக் கற்ற சிஷ்யருக்கு மேடையில் இடமில்லாமல் போனது. இது இலாபக் கணக்கு அல்ல.

2019 அக்டோபரில் பலாலி மறுபடி பன்னாட்டு விமான நிலையமானது. சென்னைக்குச் சிறிய ஏடிஆர் விமானங்கள் பறக்கத் தொடங்கின. சிறிய விமானம் என்றால் சாமான் அறையும் சிறிது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. ஓடுவதும் நிற்பதுமாக இருந்தாலும், நாற்பது ஆண்டுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கடல்வழி ஒன்று திறந்தது. வெள்ளவத்தைக்காரர்கள் பெரும்பாலும் திருச்சி–கட்டுநாயக்கா விமானத்தையே நம்புகிறார்கள். தஞ்சாவூரில் வாங்கிய வீணை ஒரு மணி நேரத்தில் திருச்சி நிலையத்துக்கு வந்துவிடும்.

அப்படிக் கொண்டுவருபவர்களுக்கு, அடிபட்டவர்கள் சொல்லும் புத்தி இது. சுரைக்காயைக் கழற்றித் தனியே கையில் எடுங்கள். தந்திகளை அவிழ்க்காமல் தளர்த்துங்கள். கழுத்தின் பாரம் குறையும், குதிரையும் இடம் பெயராது. பெட்டிக்குள் யாளிமுகமும் கழுத்தும் ஆடாதபடி துணி அடையுங்கள். மூடும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். கவுண்டரில் பெறுமதியைப் பதியக் கேளுங்கள். கட்டுநாயக்காவில் பட்டியிலிருந்து எடுத்ததும் வீட்டுக்கு வரும்வரை பொறுக்காமல் அங்கேயே திறந்து பாருங்கள். வெடிப்பு இருந்தால் வெளியேறும் முன் எழுதிக் கொடுங்கள். மொன்றியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு எழுத்தில் முறையிட உள்ள அவகாசம், பொதி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாள்தான்.